ஆறாவது பாட்டின் முடிவு

எங்கள் ஐஸ் கம்பெனிச் சந்தில் அந்த மூன்று பேரும் ஆறாவது பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறவரைக்கும், சத்தம் காதில் விழுகிற தூரத்தில் ஒரு உயிரும் பிரியாது என்பது தூத்துக்குடியில் முதலில் ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்குத் தெரிந்தது, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தெரிந்தது, அதற்கப்புறம் மஸ்கட்டிலும் தோகாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தது. அவர்களுடைய ஆல்பம் இப்போது வெளிவந்துவிட்டது. போனில் தட்டினால் யாரும் கேட்கலாம். ஆறாவது பாட்டுக்கு நேரே பதினோரு நிமிஷம் என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள், அந்தப் பாட்டு எட்டு மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

என் பேர் செல்வராணி. ஐஸ் கம்பெனிக்கு நேர் எதிரே மாவுக்கடை. ஐஸ் கம்பெனி என்றால் இப்போது ஐஸ் கிடையாது. அது மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. மீனுக்குப் போடுகிற பாளம் பாளமான ஐஸை அடுக்கிவைக்கிற ரூம் மட்டும் அப்படியே நின்றது. குளிர் வெளியே போகாதபடி சுவரெல்லாம் ஒரு முழத்துக்குக் கார்க் வைத்து அடைத்த ரூம். குளிர் போகாத சுவரில் சத்தமும் போகாது என்று கண்டுபிடித்து, அதில் போய்க் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டவன் எங்கள் பிலோமி அக்காவின் இளைய மகன் லியோன். கூட டிரம்ஸ் அடிக்க இசக்கிராஜா, பேஸ் கிதார் வாசிக்க பெனிட்டா என்று ஒரு பிள்ளை. மூன்று பேரும் பகலில் ஆளுக்கொரு வேலை பார்த்தவர்கள்தான், இதற்காக ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தார்கள். புத்தி எங்கே போயிற்று என்று நானே கேட்டிருக்கிறேன்.

பேண்டுக்குப் பேர் ‘மூணாம் நம்பர் கூண்டு’. புயலுக்குத் துறைமுகத்தில் ஏற்றுவார்களே, அந்தக் கூண்டு. மூன்றாம் நம்பர் ஏற்றிவிட்டால் கடலுக்குப் போகிறவர்கள் கரையிலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாசிப்பதும் அப்படித்தான் இருக்கும், இதோ வருகிறது, இதோ வருகிறது என்றே போகும், ஒன்றும் வராது.

"பாட ஆள் கிடைக்கலியால?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சித்தி, இது போஸ்ட்-ராக். இதுல பாட மாட்டாவ. மெதுவா ஆரம்பிச்சு மேல மேல ஏறிக்கிட்டே போவும்."

"ஏறி எங்க போவும்?"

"போவும் சித்தி. விடுங்க."

பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தது. ஆறு பாட்டு கேட்டிருந்தார்கள். ஐந்தை ரெக்கார்ட் பண்ணி முடித்துவிட்டு ஆறாவதுக்கு என்னிடம் வந்து நின்றான் லியோன், என் கிரைண்டர் உறுமுவது கார்க் சுவரையும் தாண்டி மைக்கில் விழுகிறதாம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை நிறுத்தி வைக்கச் சொன்னான். ஒரு மணி நேரம் அரிசி ஊறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நிறுத்தினேன். அன்றைக்குத்தான் அது நடந்தது.

ஐஸ் கம்பெனிக்கு அடுத்த வீட்டில் தங்கபாண்டி அண்ணாச்சி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கிடையில் கிடந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பி, பாலும் ஊற்றி, சொந்தக்காரப் பெண்கள் அழுவதற்குத் தயாராக முந்தானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு நேரமாகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்த வேளையில், புழுக்கத்துக்குக் கதவைத் திறந்துவைத்திருந்த ஐஸ் ரூமுக்குள் ஆறாவது பாட்டு ஆரம்பித்தது. அண்ணாச்சியின் நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கூடவுமில்லை, குறையவுமில்லை. நாற்பது நிமிஷம் அதே மூச்சு. அங்கே லியோனின் கம்பி ஒன்று அறுந்து பாட்டு நின்ற நொடியில் இங்கே அண்ணாச்சி போய்விட்டார். தற்செயல் என்றோம்.

பன்னிரண்டு நாள் கழித்து வெள்ளைத்தாய் மதினிக்கும் அதேபோல் நடந்தபோது தற்செயல் என்று சொல்ல ஆளில்லை. மூன்றாவது தடவை, முக்குவீட்டு மைக்கேலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவர் பெண்டாட்டி தலைவிரிகோலமாக ஐஸ் ரூமுக்குள் ஓடி, "எய்யா, நிப்பாட்டிராதீங்கய்யா, மவன் திருவனந்தபுரத்துல எறங்கிட்டான், கார்ல வந்துகிட்டு இருக்கான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நிறுத்தாமல் வாசித்தார்கள். மூன்றரை மணி நேரம். மகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து அழுது, போதும் என்று கையைக் காட்டியதும் லியோன் நிறுத்தினான். மைக்கேலும் போனார். சந்தே மூக்கைச் சிந்திக்கொண்டு, சாவு என்றால் இப்படியல்லவா இருக்கணும் என்றது. நானும்தான் சொன்னேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஏன், எதனால் என்று யாரும் கேட்கவில்லை. கரண்டு எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டா லைட்டைப் போடுகிறோம்? எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் கேட்டார்கள். தெருச் சங்கத் தலைவர் கணேசபாண்டியன், தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் கட்டியவர், ஒரே வாரத்தில் சட்டதிட்டம் எழுதிவிட்டார். மகனோ மகளோ வெளியூரிலிருந்து வரவேண்டியவர்களுக்கு மட்டும்தான் வாசிப்பு, டிக்கெட் காப்பியைக் காட்ட வேண்டும். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறுவரைதான், ராத்திரி போகிறவர்கள் அவரவர் பாடு. தூரத்துத் தெருக்காரர்கள் ஆளைக் கட்டிலோடு கொண்டுவந்து ஐஸ் கம்பெனி முற்றத்தில் வேப்பமரத்தடியில் போட்டுக்கொள்ளலாம். ரூமின் கார்க் கதவு எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். டீக்கடைப் போர்டில் வடை விலை எழுதுகிற இடத்தில் எந்தப் பிளைட் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுதினார்கள். பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு ஜெபம் சொல்லி அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் பூசிவிட்டு, பாட்டு எதுவரைக்கும் என்று விசாரித்து, அதற்குத் தக்கபடி நடுவில் யார் வீட்டையாவது ஜெபம் பண்ணி மந்திரிக்கப் போய்வந்தார். பிணத்துக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிற அந்தோணி மட்டும், "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டானுவளே" என்று திட்டிக்கொண்டு திரிந்தான்.

ரெக்கார்ட் பண்ணினதைப் போட்டால் போதாதா என்றும் ஒரு வீட்டில் பரீட்சை பண்ணிப் பார்த்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு பாட்டாக ஓடியது, ஆள் இரண்டாவது நிமிஷம் போய்விட்டார். ஆக, மூன்று பேரும் நேரில் உட்கார்ந்து வாசித்தால்தான் நடக்கும்.

வாசித்தார்கள், பாவிகள். கத்தார் பிளைட் லேட்டான ஒருநாள் ஆறே கால் மணி நேரம் வாசித்தார்கள். இசக்கிராஜா குச்சியிலிருந்து கையை எடுக்க முடியாதே என்று நான் பக்கத்தில் நின்று இட்லியைப் பிய்த்து வாயில் ஊட்டினேன், தாளத்துக்கு நடுவில் மென்று விழுங்கினான். பெனிட்டாவின் விரல்நுனி வெடித்து, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். "சித்தி, வலிக்கல" என்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டு யாரையும் குணமாக்கவில்லை. வலியோடு இருந்தவருக்கு வலி அப்படியே இருந்தது. மூச்சு முட்டினவருக்கு முட்டின மூச்சே திரும்பத் திரும்ப வந்தது. போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கட்டிலைப் பார்க்கவில்லை.

போகப் போக வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் துளிர்விட்டுப் போயிற்று. முன்பெல்லாம் அப்பாவுக்கு முடியவில்லை என்றால் போட்ட சட்டையோடு பிளைட் ஏறி வந்தவர்கள், இப்போது லீவு லெட்டரை நிதானமாக எழுதிக்கொடுத்து, முடிவெட்டி, தம்பி பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன், "இன்னைக்கு மீட்டிங் இருக்கு, நாளைக்குச் சாயங்காலம்வரை அப்பாவப் புடிச்சு வைங்க" என்று கூசாமல் போனில் சொன்னான். ராத்திரி வாசிப்பு கிடையாது என்று சொன்னதும் கணேசபாண்டியனையே கோபித்துக்கொண்டான்.

இதற்கிடையில் ஆல்பம் என்னாயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. பெங்களூர்க் கம்பெனிக்காரன் நாள் சொல்லி நாள் சொல்லிக் கடைசியாக ஒரு தேதியைக் கறாராக வைத்துவிட்டான். ஆறாவது பாட்டைத் தினமும்தான் வாசிக்கிறார்கள், ரெக்கார்ட் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்டேன்.

பெனிட்டாதான் பதில் சொன்னாள். "அதுக்கு முடிவே இல்ல சித்தி. ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடிவந்து கைகாட்டுதாவ, நாங்க பாதியில நிப்பாட்டுதோம். முடிவுன்னு ஒண்ணு போடணும்னு ஒக்காந்தா, நிப்பாட்டுனா யாரு போவாவளோன்னு நெனச்சி மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சிருதோம்."

லியோன் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருந்த பயம் எனக்குத் தெரியும். பிலோமி அக்காவுக்கு இதயம் வீங்கி, கால்வாசிதான் வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இறால் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரித்து, புருஷன் இல்லாமல் இரண்டு பையன்களை ஆளாக்கினவள். மூத்தவன் ரெக்ஸ், கப்பலில் வேலை பார்க்கிறான். இளையவன் ஊர்க்காரர்களின் அப்பனையும் ஆத்தாளையும் பிடித்துவைத்துக்கொண்டிருந்தான், தன் அம்மாவுக்கு எப்போது வாசிக்க வேண்டிவருமோ என்று ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு.

அது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் ஏழேமுக்காலுக்கு அக்காவுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நான்கு பேராகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முற்றத்தில் போட்டோம். எட்டு மணிக்கு லியோன் முதல் கம்பியைத் தட்டினான், எங்கேயோ போய்க்கொண்டிருந்த மூச்சு திரும்பி வந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரெக்ஸ் கப்பலிலிருந்து இறங்கித் துபாயில் இருந்தான். மத்தியானம் திருவனந்தபுரம், நான்கு மணிக்குள் தூத்துக்குடி. கணேசபாண்டியன் தன் கையாலேயே டீக்கடைப் போர்டில் எழுதினார். மொத்தச் சந்தும் வாசலில் நின்றது. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. எத்தனையோ வீட்டுக்கு வாசித்த பிள்ளை தன் வீட்டுக்கு வாசிக்கிறான், சும்மாவா?

பத்து மணி, பன்னிரண்டு மணி, பாட்டு ஏறிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு இசக்கிராஜாவின் மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது, துணியை நனைத்துச் சுற்றினேன். அவன் பல்லைக் கடித்தபடி லியோனையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். லியோன் கண்ணை மூடியிருந்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அக்காவின் முகத்தில் அதே வேர்வை, அதே இடத்தில் நின்றது.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. ரெக்ஸ்.

"எய்யா, எங்க வாற?"

"சித்தி..." என்றவன் அழுதுவிட்டான். "காலையிலயே பிளைட்ட விட்டுட்டேன் சித்தி, சொல்லத் தைரியமில்லாம இருந்துட்டேன். அம்மாவுக்குக் குளிருமேன்னு ஒரு நல்ல கம்பளி எடுக்கப் போனேன். அதான் தம்பி வாசிக்கானே, நேரமிருக்குன்னு நெனச்சிட்டேன். இனி நாளைக்குக் காலையிலதான் பிளைட்டு. அதுவரைக்கும் புடிச்சு வைக்கச் சொல்லுங்க சித்தி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை என்ன சொல்லித் திட்டியிருப்பேனோ. கம்பளி என்றானே, அதனால் போனை மட்டும் வைத்தேன்.

செய்தி பரவியதும் கணேசபாண்டியன் ஒரு நொடி யோசிக்கவில்லை. "சட்டத்தத் தளர்த்தியாச்சு. நாளைக்குக் காலைவரைக்கும் வாசிக்கட்டும். ஷிப்ட் போட்டு ஊட்டி விடுங்க" என்று ஆளை ஏவ ஆரம்பித்தார். யார் யார் காபி, யார் யார் விசிறி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அக்கா என் கையை அழுத்தினாள். குனிந்தேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"இது... எப்ப... முடியும்?"

"ரெக்ஸ் நாளைக்கு வந்துருவான்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் தலையை ஆட்டினாள். அது இல்லை என்கிற மாதிரி. "பாட்டு. இது எப்படி முடியும்? காலைலருந்து... ஏறிட்டே இருக்கான். எனக்கு முடிவு... கேக்கணும்டீ."

அப்போதுதான் அந்தக் கட்டிலை நான் பார்த்தேன், அன்றைக்கு மட்டுமல்ல, அத்தனை மாசத்தில் முதல் தடவையாக. எட்டு மணிக்கு முட்டின அதே மூச்சு ஏழு மணி நேரமாக அவளுக்கு முட்டிக்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்கிற ஒருத்தருக்கும் அந்த மூச்சை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற தெம்பு கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடிவயிற்றிலிருந்து எனக்கு அழுகை வந்தது.

எழுந்து ரூமை நோக்கி நடந்தேன். கணேசபாண்டியன் வாசலை மறித்தார்.

"எங்க போறீய?"

"லியோன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"அவன் மனசக் கலைக்காதீங்க. பெத்த மவன் மூஞ்சியப் பாக்காம ஒரு தாய அனுப்பச் சொல்லுதீயளா?"

"ஒரு மவன் உள்ளதானவே இருக்கான்! அவன் மூஞ்சிய அவ எப்பப் பாக்க? நவுளும்!"

நகர்ந்தார். நான் போட்ட சத்தத்தில் பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். லியோன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் காதோடு வாயை வைத்தேன்.

"அம்மா கேக்கா. இது எப்படி முடியும்னு கேக்கா. முடிவக் கேக்கணுமாம்."

அவன் கை நிற்கவில்லை. முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகமாகக் கோணிப் போயிற்று. "எனக்குத் தெரியாது சித்தி. முடிவு எனக்குத் தெரியாது."

"அவளுக்கும் தெரியாதுல்லா. அதான் கேக்கா."

"நான் நிப்பாட்டுனா அம்மா..."

"தெரியும்டா. அவளுக்கும் தெரியும்."

நான் கையைக் காட்டினதும் ஆட்கள் கட்டிலைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, டிரம்ஸுக்கும் கிதாருக்கும் நடுவில் போட்டார்கள். நல்லவேளை, கணேசபாண்டியனும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். பெனிட்டா முட்டியால் ரெக்கார்டரின் பட்டனைத் தட்டினாள். அதில் ஒரு சிவப்பு லைட் எரிந்தது. லியோன் அம்மாவைப் பார்த்தான், அவள் இவனைப் பார்த்தாள், மணி நான்கு ஆகப் பதினோரு நிமிஷம் இருந்தது.

முதலில் ஒன்றும் மாறவில்லை. ஏறினது ஏறினபடிதான் போனது. இன்னும் ஏறியது, சுவர்க் கார்க்கிலிருந்து தூசி உதிர்கிற அளவுக்கு ஏறியது. கூண்டு ஏற்றி ஏற்றி வராமலே போன புயலெல்லாம் சேர்ந்து அந்த ரூமுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அக்காவின் கை என் கையில் இருந்தது. அப்புறம் இசக்கிராஜா ஒரு அடியை விட்டான். அடுத்த சுற்றில் இரண்டு அடியை விட்டான். ஒவ்வொன்றாக விட்டு விட்டு, கடைசியில் குச்சியை மடியில் வைத்துவிட்டு வீங்கின கையோடு தலையைக் குனிந்துகொண்டான். பெனிட்டாவின் பேஸ் மட்டும் கொஞ்ச நேரம் தரைக்குள் உறுமிக்கொண்டிருந்தது, அதையும் அவள் அழுதுகொண்டே மெல்ல மெல்ல இறக்கிவிட்டாள். மிச்சம் லியோன் ஒருத்தன். ஒரே கம்பி. ஏறின படியையெல்லாம் அவன் ஒன்றொன்றாக இறங்கி வந்தான், ஒன்றையும் தாண்டிக் குதிக்கவில்லை.

"இந்த எடம்..." என்றாள் அக்கா. அந்த மூச்சு முட்டவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும், தங்குதடையில்லாமல் வந்த மூச்சு. "இந்த எடம் நல்லாருக்குல."

அவன் சிரித்தான். கண்ணீர் கிதார் மேல் ஒழுக ஒழுக, பாராட்டு வாங்கின பையன் சிரிக்கிற மாதிரி சிரித்தான். கடைசிக் கம்பியைத் தட்டி, கையை எடுத்து, அது தானாக ஓய்கிறவரை விட்டுவிட்டான். எது கம்பி, எது மூச்சு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் ஓய்ந்தன.

வாசலில் நின்ற அத்தனை பேரில் ஒருத்தரும் வாய்விட்டு அழ ஆரம்பிக்கவில்லை. இதற்குமேல் இருக்குமோ என்று நின்றார்கள். அந்தச் சந்தில் ஒரு பாட்டு முழுசாக முடிந்து யார் கேட்டிருக்கிறார்கள்?

என் இடுப்பில் போன் நடுங்கியது. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று எடுத்தேன்.

"சித்தி, நாளைக்குக் காலை பிளைட்டுல சீட்டு கெடச்சிட்டு," மூச்சிரைத்தான் ரெக்ஸ். "அம்மாவப் புடிச்சு வச்சிருக்காவளா?"

"பாட்டு முடிஞ்சிட்டுய்யா ரெக்ஸு," என்றேன். "ஒங்கம்மா முழுசாக் கேட்டுட்டா. இனி நீ நிதானமா வா."